மாப்பிள்ளையின் கேமராவும் மாமனாரின் நடையும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் அவரவர் மாத்திரைகளின் தயவில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்களும், எங்கள் ஊர்க் கேமராக்களையெல்லாம் பார்க்கும் உங்கள் கன்ட்ரோல் ரூமும், அதில் உள்ள திரைகளும் அதேபோல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விழா தள்ளிப்போனதாக மகள் சொன்னாள். இரண்டாம் கட்டக் கேமராக்களைத் தொடங்கிவைக்க வேண்டிய நகரசபைத் தலைவருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டதாமே? வெந்நீரில் உப்புப் போட்டு நாலு வேளை கொப்பளிக்கச் சொல்லுங்கள். மேடையில் பேசுகிறவர்களுக்கு அதைவிடக் கைகண்ட வைத்தியம் கிடையாது.

இங்கே போன வாரம் பேய் மழை. வெளியே ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய்விட்டு, ரெயின்கோட் போட்டும் தொப்பலாக நனைந்து, பேருந்து பிடித்து வந்து சேர்ந்தேன். அந்த மழையால் விளைந்த ஒரே நன்மை என் கறுப்புப் பையின் ஜிப். எத்தனையோ மாதமாக வாயைப் பிளந்துகொண்டு தொங்கிய ஜிப், நனைந்ததோ என்னவோ, கச்சிதமாக மூடிக்கொண்டது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு வெளி வேலைக்குப் போகத்தான் கொடுத்துவைக்கவில்லை. பை அன்றிலிருந்து ஆணியில் தொங்குகிறது. காரணம் என்னவென்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் பேசலாமே என்பீர்கள். பேசலாம். ஆனால் இப்போதெல்லாம் ஃபோனைப் பார்த்தாலே, மூன்றாவது ஆள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. மகள் சாயங்காலம் கிளம்புகிறாள். உறையை ஒட்டி அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நடுவழியில் பிரித்துப் படிப்பாள், அது வேறு விஷயம்.

நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முகத்த மூடிக்கலாம் மாமா, நடைய எங்க கொண்டுபோய் மூடுவாங்க? ஒருத்தர் நடக்குற மாதிரி இன்னொருத்தர் நடக்க முடியாது. எங்க மெஷின் ஆளோட முதுகப் பாத்தே சொல்லிடும், இவர்தான்னு." நான் பெருமையில் உங்களுக்கு இன்னொரு கரண்டி போடச் சொன்னேன். அப்போது ஒரு வார்த்தை குறுக்கே பேசியிருக்கலாம். புது மாப்பிள்ளையை மறுத்துப் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பலனைத்தான் இன்று ஊரே அனுபவிக்கிறது.

ஏனென்றால், மாப்பிள்ளை, ஒருத்தர் நடக்கிற மாதிரி இன்னொருத்தரை நடக்கவைப்பதுதான் என் பிழைப்பு. முட்டி ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு மற்ற பிசியோதெரபிஸ்டுகள் படம் போட்டுப் பாடம் எடுப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "என் பின்னாடி வாங்க, என் காலைப் பாத்துக்கிட்டே வாங்க" என்பேன். அவ்வளவுதான் என் வைத்தியம். கூடத்தின் இந்தக் கோடியில் கண்ணாடி, அந்தக் கோடியில் தண்ணீர்ப் பானை. நடுவில் நான் முன்னே, அவர்கள் பின்னே. வாத்தும் குஞ்சுகளும் போகிறது என்று உங்கள் அத்தை சமையலறையிலிருந்து கேலி செய்வாள். என் வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பும். மூன்றாவது அடியில் ஒரு சின்னத் தயக்கம் வரும். பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்தது. நான் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்தவர்கள் அதையும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு, சிரத்தையாகக் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, இந்த ஊரில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் வலது பாதத்தைத் திருப்பி, மூன்றாவது அடியில் யோசித்து நடக்கிறார்கள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அந்த மழை நாளில்தான் பேருந்து நிறுத்தத்து இருக்கையிலிருந்து யாரோ ஒருவருடைய பையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எல்லோரும் தலை வரைக்கும் மூடி ரெயின்கோட் போட்டிருந்ததால் கேமராவில் முகம் விழவில்லை. நடை மட்டும் விழுந்திருக்கிறது. வலது பாதம் திரும்பியது, மூன்றாவது அடியில் தயக்கம். உங்கள் இயந்திரம் உற்சாகமாக வேலையில் இறங்கிவிட்டது. முதலில் நூலகரைப் பிடித்தது. பாவம் அவர், உரக்கப் பேசினாலே பாவம் என்று நினைக்கிற மனிதர். புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து நின்று, "சார், கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார்களாம். இவர் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்போல என்று நினைத்து வரலாற்றுப் பிரிவு வரை நடந்து காட்டியிருக்கிறார். அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவரை உட்காரவைத்து விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, திருடன் வங்கி வாசலில் வரிசையில் நிற்கிறான் என்று இயந்திரம் சொல்ல, அங்கே போய்ப் பார்த்தால் தையல்காரர். அவரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பூங்காவில் இன்னொருவர். எல்லோரும் என் ஆட்கள். கூப்பிட்டபோதெல்லாம் வர வேண்டும், ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள். பயந்துபோய் எல்லோரும் நடையை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். தையல்காரர் முட்டியை மடக்காமல், காலை மரக்கட்டை மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். "ஏன்யா இப்படி நடக்கறீங்க? இத்தன நாள் உழைப்பு வீணாப்போகுதே!" என்று கத்தினேன். "உங்கள மாதிரி நடந்தா போலீஸ் பிடிக்குது சார், என்னை மாதிரி நடந்தா கால் பிடிக்குது. நான் எப்படித்தான் சார் நடக்கறது?" என்றார். பால் வாங்கப் போகிறவர்கூடத் தெருவில் கேமரா இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கிறார். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் விழத்தானே செய்வார்கள்? ஒருவர் விழுந்தே விட்டார். இவர்களைத் தேற்றுவதிலேயே பொழுது போய், என் வெளி வேலை அத்தனையும் நின்றுவிட்டது.

பொறுக்க முடியாமல் நானே சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "நீங்க போனா பேசிப் பேசியே உள்ள போயிடுவீங்க, சொல்லிட்டேன்" என்று உங்கள் அத்தை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். இன்ஸ்பெக்டர் நல்ல மரியாதையான மனிதர்தான். உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டவர் என்பது நாற்காலியிலிருந்து எழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. இவர்கள் எல்லோரும் என் நோயாளிகள், இது என் நடை என்று விளக்கினேன். அவர் மேஜைமேல் இருந்த இயந்திரத்தின் அறிக்கையைப் படித்துக் காட்டினார். "குறைபாடுள்ள நடை" என்று போட்டிருக்கிறது, மாப்பிள்ளை. திருட்டுப் பட்டம்கூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. குறைபாடாம்! இதை எழுதியது நீங்களா, இயந்திரமா என்று அப்புறமாகச் சொல்லுங்கள்.

"அந்தப் பையில அப்படி என்ன சார் இருந்துச்சு? ஒரு பைக்கா இவ்வளவு பெரிய தேடல்?" என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "அத மட்டும் கேக்காதீங்க சார். ஒரு பெரிய மனுஷரோட சொந்த விஷயம். வெளிய சொல்லக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. அவருக்கும் ஒரு அந்தரங்கம் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "உங்ககிட்ட வந்தவங்க எல்லாரோட விவரமும் எனக்கு வேணும். யார் யாரு, என்ன ஆபரேஷன், எந்தக் கால், எல்லாம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சார், ஒருத்தர் என்கிட்ட வந்து வேட்டியத் தூக்கி முட்டியக் காட்டறாரு. புள்ளைங்களுக்குக்கூடக் காட்டாத வலிய என்கிட்ட காட்டி அழறாரு. அத உங்ககிட்ட எடுத்துக் குடுத்துட்டு நான் அந்தக் கூடத்துல எந்த முகத்தோட நிப்பேன்? தர மாட்டேன்" என்றேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அவர் கோபப்படவில்லை. "நீங்க தராட்டி பரவாயில்ல சார்" என்று மெதுவாகத் திரையை என் பக்கம் திருப்பினார். பார்த்தால் என் வீட்டு வாசல். நம் வாசல்தான், மாப்பிள்ளை. உங்கள் அத்தையின் செம்பருத்திச் செடி, மாட்டிவைத்த செருப்பு அலமாரி, அழுத்தினால் அடிக்காத அழைப்பு மணி, எல்லாம் அச்சு அசலாக. எதிர்க் கம்பத்தில் கேமரா இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அது என் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. ஒவ்வொருவராக வருகிறார்கள், போகிறார்கள். நொண்டிக்கொண்டு வந்தவர்கள் நிமிர்ந்து போகிறார்கள். நான் வாயைக் கட்டிக்கொண்டு என்ன பிரயோஜனம்? கம்பம் எப்போதோ எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டது.

அப்போது இன்ஸ்பெக்டர் ஒரு இடத்தில் படத்தை நிறுத்தி, "இந்த அம்மா யாரு? சுள்ளுன்னு வெயிலு. பஸ் டிப்போ பேரு போட்ட குடையால முகத்த மறைச்சுக்கிட்டு, இப்படியும் அப்படியும் பாத்துட்டு உள்ள போறாங்க. இவங்கதான் எனக்கு ரொம்ப இடிக்குது" என்றார்.

அந்த அம்மா யாரென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஓட்டுகிறவர். முட்டி போய்விட்டது. சரியாகிறவரை ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று தானாகவே, உறவினருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவ் போட்டுவிட்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கப் பழகுகிறார். கிட்டத்தட்டச் சரியாகியும்விட்டது. டிப்போ டாக்டரின் சோதனையில் நிச்சயம் தேறிவிடுவார். ஆனால் அதற்குமுன் முட்டி என்கிற வார்த்தை டிப்போவின் காதில் விழுந்தால், ஆயுசுக்கும் பாஸ் கவுன்டரில் உட்காரவைத்துவிடுவார்கள். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "சார், எனக்குப் பெரிய வண்டி ஓட்டறது மட்டும்தான் சார் சந்தோஷம். அதப் பிடுங்கிடாம பாத்துக்குங்க." பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். திருடியவர்கள் யாரும் குடையோடு சுற்றவில்லை. வலியை மறைக்க வந்தவர் ஒருவர்தான் மறைத்து வந்தார். மறைத்ததாலேயே அவர்மேல்தான் சந்தேகம்! நாளைக்கே டிப்போவுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

கால் ஓடாவிட்டாலும் நடக்கும் அல்லவா? "சார், டிப்போவெல்லாம் அப்புறம். உங்க இடுப்பு வலி எத்தன நாளா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "எந்திரிங்க. என் பின்னாடி வாங்க. என் காலையே பாத்துக்கிட்டு வாங்க" என்று தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லாக்கப் கதவிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, குழாயிலிருந்து லாக்கப் கதவு வரை. முதலில் கூச்சப்பட்டார். இடுப்பு கொஞ்சம் இளகியதும் சிரத்தையாக வந்தார். நல்ல மாணவர், மாப்பிள்ளை. கொஞ்ச நேரத்திலேயே மூன்றாவது அடியில் அழகாகத் தயங்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் மேலேயிருந்து பார்த்தீர்கள், நான் கீழேயிருந்து சொல்கிறேன். ஃபோன் அடித்தது. கான்ஸ்டபிள் எடுத்தார். மறுமுனையில் ஒரு பதற்றக் குரல், "சந்தேக நபர் உங்க ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்காரு! தாழ்வாரத்துல! லாக்கப் பக்கம் போறாரு! விட்டுடாதீங்க!" என்று கத்தியது எனக்கே கேட்டது. இரண்டு கான்ஸ்டபிள்கள் லத்தியோடு பாய்ந்து வந்து, என்னைத் தாண்டிப் போய், இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் சல்யூட் அடித்தார்கள். அவர் ஃபோனைப் பிடுங்கி, "யோவ், சந்தேக நபர் பேசறேன்!" என்று ஒரு போடு போட்டார் பாருங்கள். அந்தப் பதற்றக் குரல் உங்களுடையது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

"அப்ப முன்னாடி நடந்த இந்தப் பெரியவர மெஷின் ஏன் காட்டல?" என்று அவர் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். உங்கள் ஆட்களின் குடும்பத்தார் நடையெல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கிறதாமே? என்னையும் அத்தையையும் எந்தக் கேமராவும் சந்தேகப்படாதாமே? மாமனார் என்ற முறையில் மனம் குளிர்ந்தது. ஆனால் இரவெல்லாம் யோசித்தேன். என் நடையைக் கடன் வாங்கிய நூலகர் வண்டியில் ஏறுகிறார். கடன் கொடுத்த நான் கைவீசிக்கொண்டு போகிறேன். இது எந்த ஊர் நியாயம்?

இன்ஸ்பெக்டர் பெரிய மனசு பண்ணி எல்லோரையும் விட்டுவிட்டார். டிப்போ விசாரணையும் நின்றது. நடையை மட்டும் வைத்து இனி யாரையும் கூப்பிட மாட்டேன் என்றார். இனி வாரத்துக்கு இரண்டு நாள் இடுப்புக்கு என்னிடம் வரப்போகிறார். ஆனால் வாசல் படம் அவர் கையில் இல்லையாம். "அது கன்ட்ரோல் ரூம்ல இருக்கு சார். யார் கேட்டு வாங்கறாங்கன்னு எனக்கே தெரியாது" என்று கையை விரித்துவிட்டார்.

ஆகவே மாப்பிள்ளையிடம் மாமனாரின் விண்ணப்பம். எதிர்க் கம்பத்துக் கேமராவை என் கதவிலிருந்து திருப்பிவிடுங்கள், தெருவைப் பார்க்கட்டும். இதுவரை பிடித்த வாசல் படங்களை அழித்துவிடுங்கள், முக்கியமாகக் குடை வரும் படங்களை. அந்த அம்மாவின் சோதனை அடுத்த வாரம். நான் அவருக்குக் கொடுத்த வாக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. கடைசியாக, அந்த விலக்குப் பட்டியலிலிருந்து என் நடையை உடனே எடுத்துவிடுங்கள். நேர்மையானவனுக்கு எதற்குச் சலுகை? ஊரில் எல்லோருக்கும் உள்ளது எனக்கும் இருக்கட்டும். எந்தக் கேமரா முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தி நடக்க நான் தயார்.

தவறாக ஏதும் எழுதியிருந்தால் வயதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். கண் பார்வைக்கு அரைமணிக்கு ஒருமுறை திரையிலிருந்து எழுந்து நாலு அடி நடங்கள், எப்படி வேண்டுமானாலும் நடங்கள். மகளும் நீங்களும் நோய் நொடி இல்லாமல், யார் கண்ணும் படாமல், எந்தக் கேமராவின் கண்ணும் படாமல் நீடூழி வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

உங்கள் அன்புள்ள மாமனார்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, நாளை முதல் வெளி வேலைக்குப் போகலாம் என்று ஆணியிலிருந்து பையை எடுத்தேன். கடகடவென்று சத்தம். என் பையில் ரப்பர் பட்டையும் துண்டும்தான் இருக்கும், அது ஏன் கடகடக்கிறது? ஜிப்பைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள். டப்பாவுக்குள் பல் செட். பல் செட் செய்து கொடுக்கிற பட்டறைக்காரருடைய பை, மாப்பிள்ளை. மேலே இருந்த டப்பாவில், "நகரசபைத் தலைவர், மேல் வரிசை, விழாவுக்கு அவசரம்" என்று ஒட்டியிருக்கிறது. அவருக்குக் கொப்பளிக்கச் சொன்னேனே, அது வேண்டாம். தொண்டையில் ஒன்றும் கோளாறு இல்லை. என் ஓட்டை ஜிப் பையைக் குப்பை என்று யாரோ இருக்கையிலிருந்து தள்ளியிருப்பார்கள். பக்கத்தில் அதேபோல் கறுப்பாக இருந்த இதை, மழை அவசரத்தில் என்னுடையது என்று நான் எடுத்து வந்திருக்கிறேன்.

விலக்குப் பட்டியலிலிருந்து என்னை எடுக்கச் சொன்னேனே, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று மகளைக் கூப்பிட்டேன். "நேத்து நீங்க புலம்பினப்பவே ஃபோன்ல சொல்லிட்டேன்பா. அவரு உடனே எடுத்துட்டாரு" என்றாள். சொன்னதைத் தட்டாத மாப்பிள்ளை என்று உங்களைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்தான். இந்த ஒருமுறை தட்டியிருக்கலாம். ஸ்டேஷனில் போய் நேரே ஒப்படைக்கலாம். ஆனால் "பார்த்தீர்களா, நடை பொய் சொல்லவில்லை" என்று நூலகரையும் தையல்காரரையும் குடை அம்மாவையும் மறுபடி தோண்டுவார்கள். உங்கள் இயந்திரம் சொன்னது சரிதான் என்று தயவுசெய்து அதனிடம் சொல்லிவிடாதீர்கள்.

அதனால் நாளைக் காலை முதல் பேருந்துக்கு முன்னால், பையை எடுத்த இருக்கையிலேயே வைத்துவிட்டு வரப்போகிறேன், அத்தையும் கூட வருகிறாள். அத்தையின் நடை இன்னும் பட்டியலில் இருக்கிறது அல்லவா? மத்தியானத்திலிருந்து கூடத்தில் அவள் முன்னே நடக்கிறாள், நான் பின்னே நடக்கிறேன். "பாதத்தத் திருப்பாதீங்க. மூணாவது அடியில ஏன் நிக்கறீங்க, யாராவது கூப்பிட்டாங்களா?" என்று இத்தனை வருஷக் கணக்கையும் ஒரே நாளில் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தை மறைக்கக் குடை எடுத்துவைத்திருக்கிறேன். வெயிலில் குடையோடு என் வாசலுக்கு வரும்போது அந்த ஓட்டுநர் அம்மாவின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அவர் படத்தை முதலில் அழியுங்கள். அப்புறம், நாளைக் காலை உங்கள் திரையில் அத்தை இரண்டு பேராகத் தெரிந்தால் யாருக்கும் ஃபோன் செய்துவிடாதீர்கள். பின்னால் வருவது நான்.